ஆட்காட்டிக்குக் கட்டிய தொங்கு கூடு

ஏரிகளுக்கு மனிதர்கள் இன்னும் பெயர் வைக்கத் தொடங்காத காலம் அது. ஏரி என்றால் ஏரி, கரை என்றால் கரை. அந்தக் கரையில் மாடுகள் மேய்ந்தன. மாடுகளின் காலடிக்கு நடுவே பறவைகள் பிழைத்தன. சிறியவர்களும் கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். இது அந்தப் பறவைகளில் ஒருவன் வெட்கப்பட்ட கதை.

கரையோரத்து ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. அவர்களில் ஒருவன் பெயர் கீற்றன். பனங்கீற்றை நூல் நூலாகக் கிழிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் அந்தப் பெயர்.

கூடு கட்டுவது தூக்கணாங்குருவிக்குப் பிறவியிலேயே வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. இளங்குருவிகள் ஒரு மழைக்காலம் முழுவதும் படிக்க வேண்டும். பாடங்கள் மூன்று. முதல் பாடம் முடிச்சு. இரண்டாம் பாடம் வளைவு. மூன்றாம் பாடம் நிறுத்தம்.

முடிச்சும் வளைவும் உங்களுக்கே புரியும். நிறுத்தம் என்பது இதுதான்: கூடு பாதி வளர்ந்து, கவிழ்த்த சட்டி போல் தொங்கும்போது ஆண்குருவி வேலையை நிறுத்திவிட வேண்டும். பெண்குருவியை அழைத்துக் காட்ட வேண்டும். அவள் உள்ளே உட்கார்ந்து பார்ப்பாள், ஆட்டிப் பார்ப்பாள், இழையை இழுத்துப் பார்ப்பாள். அவள் சரி என்றால்தான் மேற்கொண்டு கட்டலாம். குறை சொன்னால் மாற்ற வேண்டும். அது அந்தக் குலத்தின் வழக்கம்.

முடிச்சில் கீற்றன் முதல். வளைவில் கீற்றன் முதல். நிறுத்தத்தில்தான் அவன் கதை வேறாகிப்போனது.

அவன் முதன்முதலாகப் பாதிக்கூடு கட்டி நிறுத்தியபோது, பார்க்க வந்தவள் தினையாள். அவள் பேச்சில் மிளகாய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். உள்ளே உட்கார்ந்தாள், ஆட்டிப் பார்த்தாள், தலையை வெளியே நீட்டினாள்.

"முடிச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசல் சாரல் அடிக்கிற பக்கமால்ல பார்க்குது? என் குஞ்சு முட்டைக்குள்ளேயே நீச்சல் கத்துக்கணுமா?"

அடுத்த கிளையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கீற்றா, தாழங்குடை ஒண்ணு பிடிச்சிக்கிட்டு வாசல்லயே நின்னுடு" என்றான் ஒருவன்.

தினையாள் கூட்டை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. வாசலைத் திருப்பி வைத்திருந்தால் அன்று மாலைக்குள் அவள் சம்மதித்திருப்பாள். ஆனால் கீற்றனின் காதில் அவள் சொன்னது விழவில்லை, மற்றவர்கள் சிரித்ததுதான் விழுந்தது. உடம்பெல்லாம் கூசிப்போய், அந்தப் பாதிக்கூட்டைத் தானே பிய்த்துத் தண்ணீரில் போட்டான்.

இனி முடியாத வேலையை யார் கண்ணிலும் காட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

அதன் பிறகு கீற்றன் தனக்கென்று கூடு கட்டவில்லை, கேட்டவர்களுக்குக் கட்டிக் கொடுத்தான். முதலில் ஒரு சில்லைக் குருவி கேட்டாள். ஈச்சங்கீற்றால் மறைத்துக்கொண்டு வேலை செய்தான். முடிந்த பிறகே திரையை விலக்கினான். அவள் மகிழ்ந்து போனாள். அடுத்து ஒரு தேன்சிட்டு கேட்டாள். அவளுக்கும் அப்படியே. அவளும் மகிழ்ந்து போனாள். இருவருமே அவனைப் போலச் சின்ன உடம்பு, கிளையைப் பற்றும் கால், கூரைக்குக் கீழே தூங்கும் வழக்கம். அதனால் அவனுக்குப் பிடித்தது அவர்களுக்கும் பிடித்தது. ஆனால் கீற்றன் அப்படி நினைக்கவில்லை. தனக்கு எல்லோர் மனமும் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாவதாக வந்தவள் ஆட்காட்டி.

ஆட்காட்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெட்டை மஞ்சள் கால், மூக்கருகே சிவப்புச் சதை. ஆள் வந்தாலும் நரி வந்தாலும் முதலில் அவள்தான் பார்ப்பாள், முதலில் அவள்தான் கத்துவாள். அவள் குரல் கேட்டுத்தான் கரையில் இருக்கிற எல்லோரும் உயிர் பிழைப்பார்கள். இவள் பெயர் வரப்பழகி. இவள் புருஷன் பெயர் செவ்வலகன்.

வரப்பழகி கூடு கட்டுகிறவள் அல்ல. வெறும் தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு முட்டையிடுகிறவள். அந்த ஆண்டு இரண்டு தடவை முட்டையிட்டாள். இரண்டு தடவையும் தண்ணீர் குடிக்க வந்த மாடுகள் மிதித்துவிட்டன. இப்போது மூன்றாம் முறை வயிறு கனத்திருந்தது. இதுவும் போனால் அந்த ஆண்டு அவளுக்குப் பிள்ளை இல்லை.

அவள் ஈச்சமரத்தடியில் வந்து நின்றாள். படித்தவனிடம் எப்படிப் பேசுவது என்ற தயக்கம் அவள் கால்களில் தெரிந்தது. ஒரு காலைத் தூக்கினாள், வைத்தாள், மறு காலைத் தூக்கினாள்.

"தம்பி, நீ பெரிய வேலைக்காரன்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம். முட்டை மேல மாட்டுக் கால் படக்கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே அக்கா" என்றான் கீற்றன். "போய் நிம்மதியா இரு."

அவள் போகவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீற்றன் கண்ணை மூடிக்கொண்டான். மாட்டுக் கால் படக்கூடாது என்றால் என்ன அர்த்தம்? மாட்டுக் கால் எட்டாத உயரம் என்று அர்த்தம். உயரம் என்றால் தொங்கு கூடு. அவன் மனத்துக்குள் கூடு அப்போதே ஆடத் தொடங்கிவிட்டது. கண்ணைத் திறந்தபோது வரப்பழகி கரையில் தூரத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

வேலை தொடங்கியது. அதுவரை எந்தத் தூக்கணாங்குருவியும் கட்டாத பெரிய கூடு. அவள் உடம்புக்கு ஏற்ற அறை, அவள் கழுத்துக்கு ஏற்ற நீண்ட குழல். கீழே ஒரு கரையான் புற்று உயர்ந்து நின்றதால், அதன் உச்சியில் ஏறினால் வாசல் எட்டும்படி இறக்கித் தொங்கவிட்டான். அளவில் ஒரு தப்பும் இல்லை. சுற்றிலும் கீற்றுத் திரை.

கூடு பாதி வளர்ந்தபோது வரப்பழகி வந்தாள். திரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, கொஞ்சம் பார்க்கட்டுமா?"

"முடியட்டும் அக்கா. பாதியில பார்த்தா உனக்குப் புரியாது."

"இல்ல தம்பி, நான் தரையில..."

"தரைக்கும் உனக்கும் இனி என்ன அக்கா? அதை மறந்துடு."

அவள் தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு செவ்வலகன் வந்தான். அவன் பொண்டாட்டியைப் போலத் தயங்குகிறவன் இல்லை.

"ஏப்பா, எங்களுக்குக் காலு இருக்கே..."

"தெரியும் மாமா. கால் வலிக்காம இருக்க இலவம்பஞ்சு போட்டிருக்கேன்."

"பஞ்சைக் கேட்கலப்பா. எங்க காலுல..."

"மாமா, சில்லையும் இப்படித்தான் பயந்தா. தேன்சிட்டும் இப்படித்தான் பயந்தா. போய் அவங்களைக் கேளுங்க."

செவ்வலகன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான். அவன் முணுமுணுத்தது என்ன என்று கேட்டிருக்கலாம். கீற்றன் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவன் சுவரில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் மின்மினிகளைப் பதித்துக்கொண்டிருந்தான். விளக்கு இல்லாத வீடு ஒரு வீடா என்று அவனுக்குத் தோன்றியது.

கூடு முடிந்தது. வரப்பழகிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. காலையில் எல்லாப் பறவைகளும் கூடியிருக்க, கீற்றன் திரையை இழுத்தான்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காற்றில் அது மெல்ல ஆடியது. பச்சைக் கீற்றும் பழுப்புக் கீற்றும் மாறி மாறி ஓடி, வெயில் பட்டதும் பாம்புச் சட்டை போல் மின்னியது. "இது கூடில்ல, கோயில்" என்றது ஒரு மைனா. தினையாள்கூடக் குறை சொல்லவில்லை. கீற்றன் அவளைப் பார்த்தான், பிறகு பார்க்காதவன் போல் திரும்பிக்கொண்டான்.

"ஏறு அக்கா" என்றான்.

வரப்பழகி புற்றின் மேல் ஏறினாள். கூட்டின் வாயைப் பற்றக் காலை நீட்டினாள். கால் வழுக்கியது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் வழுக்கியது. மூன்றாம் முறை இறக்கையை அடித்து எழும்பி, வாசலில் மோதி, புற்றிலிருந்து உருண்டு மண்ணில் விழுந்தாள்.

கூட்டம் சிரித்தது.

"நல்ல வீடு கொடுத்தா இருக்கத் தெரியணுமே" என்றது மைனா.

"கூழாங்கல்லுல படுத்த உடம்பு, பஞ்சு ஒத்துக்குமா" என்றது இன்னொன்று.

வரப்பழகி எழுந்து இறக்கையிலிருந்த மண்ணை உதறினாள். யாரையும் பார்க்காமல் தன் காலையே பார்த்தாள். அந்தப் பார்வை கீற்றனுக்குத் தெரியும். பாதிக்கூட்டின் அருகே அவனும் அப்படித்தான் நின்றிருந்தான். அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை, 'தப்பு அவள்மேல் இல்லை' என்று ஒரு வார்த்தை, அவன் சொல்லியிருக்க வேண்டும்.

அவன் சொன்னது வேறு. "போகப் போகப் பழகிடும் அக்கா."

பழகுவதற்கு அவளுக்கு நேரமில்லை. கூட்டை நம்பி அவள் தரையில் இடம் எதுவும் பார்த்து வைக்கவில்லை. வயிறு நெருக்கியது. செவ்வலகன் புற்றின் மேல் நின்று தன் முதுகைக் கொடுத்தான். அதில் மிதித்து, குழலுக்குள் கழுத்தை நுழைத்து, உடம்பைத் திணித்து எப்படியோ உள்ளே போனாள். கூடு பெரிதாக ஆடியது. கூட்டம் கைகொட்டாத குறையாகக் கூவியது. முதல் முட்டை உள்ளே விழுந்தது.

"பார்த்தீங்களா" என்றான் கீற்றன்.

அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. "எனக்கு எதுவும் தெரியலையே. யார் வர்றாங்கன்னு தெரியலையே."

சுற்றிலும் சுவர். பிறந்த நாள் முதல் நாலு திசையும் பார்த்தே வாழ்ந்தவளுக்கு முதன்முறையாக ஒரு திசையும் தெரியவில்லை. ஆள் வந்தால்? நரி வந்தால்? அவளுக்கு மூச்சு முட்டியது. பதறிப்போய்க் குழலுக்குள் திரும்பி இறங்கினாள். கிளையைப் பற்றத் தெரியாத நெட்டைக் கால்கள் பஞ்சில் சிக்கி, பஞ்சோடு முட்டையையும் இழுத்துக்கொண்டு வந்தன.

முட்டை புற்றின் மேல் விழுந்து உடைந்தது.

உடைந்த ஓட்டின் நிறத்தைக் கீற்றன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். மண் நிறம். அதில் கறுப்புப் புள்ளிகள். மண்ணில் கிடந்தால் மண்ணென்றே தெரியும்.

"மண்ணோட மண்ணா ஒளிஞ்சிருக்கிற முட்டை" என்றான் செவ்வலகன். அவன் குரல் உயரவே இல்லை. "அதுக்கு நீ விளக்கு வச்சிருக்கே."

பறவைகள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. கீற்றன் ஈச்சமரத்தின் உள்மட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

அங்கிருந்து கரை தெரிந்தது. தான் பார்க்கப்படாமல் பார்க்க முடிந்தது. வரப்பழகி மேய்ச்சல் தரையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். ஓர் இடத்தில் உட்காருவாள், தலையை நாலாபக்கமும் திருப்புவாள், எழுந்துவிடுவாள். நாளைக் காலையில் அடுத்த முட்டை வந்துவிடும். மாடுகளும் வந்துவிடும். மரத்தில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தும் அவள் இப்படி உட்காருவதைத் தான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்பது கீற்றனுக்கு உறைத்தது. அவள் காலில் பின்விரல் பெயருக்குத்தான் இருக்கிறது என்பதும், அதனால் எந்தக் கிளையையும் பற்ற முடியாது என்பதும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. அதைத்தான் செவ்வலகன் சொல்ல வந்தான்.

அன்று ஓடிப்போயிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். கீற்றனுக்கு ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் நாளைய முட்டை கண்ணுக்கு முன் நின்றது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், முகத்தோடே இறங்கிப் போனான்.

செவ்வலகன் அவனைப் பார்த்ததும் சீறினான். "எதுக்கு வந்தே? அளவு எடுக்கவா?"

கீற்றன் மன்னிப்பு என்ற வார்த்தையை மரத்திலிருந்து கொண்டு வந்திருந்தான். அது வாய்க்கு வரவில்லை. அவன் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்:

"அக்கா, நீ என்ன சொல்ல வந்தே? ரெண்டு தடவையும் நான் சொல்ல விடல."

வரப்பழகி தான் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்தாள். பிறகு, "இங்க வந்து உட்காரு" என்றாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கீற்றன் உட்கார்ந்தான். வாழ்நாளில் முதன்முறையாக வயிறு தரையில் பட உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் புல் முனைகளுக்கு மேலே வானம் முழுதும் தெரிந்தது. கரையில் போகிற ஒரு நண்டுகூடத் தெரிந்தது. தூரத்தில் மாடுகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் முகம் தெரியவில்லை. குளம்புதான் தெரிந்தது. அவன் புல்லோடு புல்லாக ஒடுங்கினான்.

"பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"இதுக்குத்தான் தம்பி வந்தேன்."

அவன் கேட்டான், அவள் சொன்னாள். சுவர் வேண்டாம், பார்க்கணும். கூரை வேண்டாம், பறக்கணும். மாடு எந்தப் பக்கமிருந்து வரும்? மேட்டுப் பக்கமிருந்து மட்டும். மாடு எதைக் கண்டால் விலகும்? அதை அவளும் யோசித்ததில்லை. இருவருமாகப் பார்த்தார்கள். திரும்பிப் போகிற மாடுகள் ஓர் இடத்தில் வரிசை பிரிந்து வளைந்து போயின. அங்கே காற்றில் முறிந்த கருவேலங்கிளை ஒன்று கிடந்தது.

கீற்றன் அந்தக் கிளைக்குப் பறந்தான். முள் கீற்றைப் போல மடங்காது. வாய் கிழிந்தது, காலில் ஏறியது. ஒவ்வொரு முள்குச்சியாகக் கொண்டுவந்து, குச்சிக்குக் குச்சி கோரைப்புல்லால் முடிச்சுப் போட்டு மேட்டுப் பக்கமாக வளைத்தான். செவ்வலகன் முதலில் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் இழுத்து வந்து போட்டான்.

பாதி வட்டம் வந்தபோது கீற்றன் நின்றான்.

நிற்பதற்கு அவ்வளவு துணிச்சல் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அவனுக்கு வேண்டியிருந்தது. கோணலும் மாணலுமாக, வளைவு இல்லாமல், காக்கை கொத்திப் போட்ட குப்பை போலக் கிடந்தது அது. அதன் பக்கத்தில் நின்று வாயைத் திறப்பதற்குள் அவனுக்குக் காதெல்லாம் சுட்டது.

"அக்கா, பாதிதான் ஆயிருக்கு. கொஞ்சம் பார்க்கிறியா?"

வரப்பழகி உள்ளே வந்து உட்கார்ந்தாள். தலையை நாலு பக்கமும் திருப்பினாள். ஒரு முள்ளை அலகால் தாழ்த்தினாள். மறுபடியும் பார்த்தாள்.

"போதும் தம்பி."

"இன்னும் பாதி இருக்கே. சுத்தி அடைச்சிடுறேன்."

"அடைச்சிடாதே. எங்க பிள்ளைங்க பொரிஞ்ச அன்னிக்கே நடக்கும். தண்ணிப் பக்கம் திறந்து கிடக்கட்டும்."

பிறந்த அன்றே நடக்கும் குஞ்சுகளை வானத்தில் தொங்கவிடத் தான் பார்த்தது கீற்றனுக்கு அப்போது புரிந்தது. அந்த முட்டை உடையாமல் பொரிந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். நினைப்பை முடிக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் விடிந்ததும் வரப்பழகி முள்வேலிக்குள் முட்டையிட்டாள். சற்று நேரத்தில் மாடுகள் மேட்டிலிருந்து இறங்கின. முதல் மாடு வேலி வரைக்கும் வந்தது, மூக்கை நீட்டியது, முள் பட்டதும் சீறித் தலையை இழுத்துக்கொண்டு விலகிப் போனது. பின்னால் வந்த மாடுகளும் அதன் தடத்திலேயே விலகிப் போயின. ஈச்சமரத்தில் இருந்தபடி கீற்றன் கடைசி மாடு போகும்வரை மூச்சு விடவில்லை.

நாட்கள் போயின, இன்னும் சில முட்டைகள் சேர்ந்தன. குஞ்சுகள் பொரிந்தன, பொரிந்த அன்றே எழுந்து நடந்தன. மண் நிறப் பஞ்சு உருண்டைகள் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர்ப் பக்கம் இறங்கின. தாய் முன்னால் போனாள், தகப்பன் பின்னால் போனான். பார்த்தவர்களுக்கு அது நிறைந்த குடும்பமாகத் தெரிந்தது. ஒன்று குறைகிறது என்று தாய்க்குத் தெரியும், தகப்பனுக்குத் தெரியும், கீற்றனுக்கும் தெரியும்.

தினையாள் அந்தப் பக்கம் பறந்தபோது முள்வேலியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இது என்ன குப்பை? யார் கட்டினது?"

"நான்தான்" என்றான் கீற்றன்.

அவள் கேலி செய்ய வாயெடுத்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பெரிய கூடு மட்டும் மரத்திலேயே தொங்கியது. அதைப் பிய்த்துப் போட்டுவிடலாமா என்று கீற்றன் வரப்பழகியிடம் கேட்டான். "இருக்கட்டும்" என்றாள் அவள். ஏன் என்று சொல்லவில்லை. அதில் யாரும் குடியேறவில்லை. ஆனால் அந்த வழியாகப் போகிற பறவைகள் எல்லாம் நின்று பார்த்தன. அந்த மழைக்காலம் முழுதும் யாராவது ஒருவர், "யாருடைய வேலை இது? என்ன அழகு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக் கீற்றன் தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டான்.

நான் கேட்டதைச் சொன்னேன், நீங்கள் கேட்டதை வைத்துக்கொள்ளுங்கள்: பிறருக்காகச் செய்கிற வேலையைப் பாதியிலேயே அவர்களிடம் காட்டிக் கேட்க வெட்கப்படுகிறவன், முழு வேலைக்கும் வெட்கப்பட நேரும்.